தண்ணீருக்குக் கேட்டது

அந்தத் தீவில், கராச்சர்மா என்ற ஊரில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் முழுக்க மரம். கூரை மட்டும் தகரம். ஒருவர் பலகைத் தரையில் நடந்தால் அடுத்த அறையில் தம்ளர் நீர் நடுங்கும். மதியம் குன்றுக்கு அப்பால் குவாரியில் வெடி வைப்பார்கள். வாசல் பீப்பாயில் பிடித்திருந்த மழைநீரில் வட்டங்கள் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஓடி, ஒன்றையொன்று கடந்து, மெல்ல அடங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் அடுப்பில் உலை வைத்தது மறந்துபோகும்.

மகளுக்கு அப்போது எட்டு மாதம். ஒருநாள் வெடிச் சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன். அவளோ மரக்கரண்டியைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; தலையைக்கூடத் திருப்பவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளியில் ஆசிரியை இசைக்கவையைத் தட்டி நீரில் தொட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. கிண்ணத்தில் நீர் ஊற்றி அவளருகே வைத்தேன். பின்னால் நின்று சுவர்ப் பலகையில் பூரிக்கட்டையால் அடித்தேன். நீரில் மெல்லிய வளையங்கள் எழுந்தன. அவள் கரண்டியை விடவில்லை. தண்ணீருக்குக் கேட்டது, என் மகளுக்குக் கேட்கவில்லை. தினமும் அடித்துப் பார்த்தேன். வயிற்றில் அவளோடு கப்பலேறி வந்தது தப்போ என்றுகூட யோசித்தேன்.

"அடுத்த கப்பல்ல மெயின்லேண்ட் போய் டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றார் கணவர். அவர் குரலிலும் தைரியம் இல்லை.

ஒரு மத்தியானம் பக்கத்துக் கடைக்காரரின் மனைவி வாசலில் வந்து நின்றார். ராமநாதபுரத்துக்காரர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விஷயத்தைச் சொன்னேன்.

"படிச்ச பொண்ணுன்னு பேரு. தட்டித் தட்டி எங்க காதைச் செவிடாக்கிருவ போல. பரேஷான் ஆகாத புள்ள, கவலைய விடு. இவ தகரத்துக்குக் கீழ பொறந்தவ. நீதான் மெயின்லேண்டுக்காரி, துள்ளுற."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மகள் பாயில் தூங்கிவிட்டாள். கூரை அதிர, பலகை அதிர, கிண்ணத்து நீர் முழுவதும் மீன்செதில் போலச் சின்னச் சின்ன அலைகள் நின்ற இடத்திலேயே மினுங்கின. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மழை சட்டென்று நின்றது. நீர் கண்ணாடியானது. மகள் விழித்து, உதட்டைப் பிதுக்கி அழுதாள்.

"பாத்தியா, சத்தம் நின்னாத்தான் இவளுக்கு பயம்."

"பலகை அதிர்றது நின்னதால முழிச்சிருக்கலாமே, அக்கா."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா அவளைத் தூக்கித் தோளில் சாய்த்தார். அவள் முகம் உட்பக்கம் பார்த்திருந்தது. நான் பலகைத் தரையை விட்டு வாசலுக்கு வெளியே ஈரமண்ணில் இறங்கி நின்று, தூங்க வைக்கும்போது கூப்பிடும் குரலில் மெதுவாகக் கூப்பிட்டேன்.

மகள் ஈரக் கன்னத்தைத் தோளிலிருந்து எடுத்துத் திரும்பினாள். கிண்ணத்து நீரில் ஒரு வளையமும் இல்லை.

தற்செயலாக இருக்குமோ என்று இன்னொரு முறை கூப்பிட்டேன். இம்முறை கைகளை நீட்டினாள்.