ஸ்தோத்திரம் மாமாவின் கடைசிச் சாட்சி

எங்கள் கல்லூரி ஜெபக்குழுச் செயலாளர் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டார். "வேதமும் அன்றாட வாழ்க்கையும்னு ஏதாவது எழுதும்மா. வாசிக்கிறவங்களுக்கு ஆறுதலா இருக்கணும்" என்றார். ஆறுதலுக்கு இப்போது என்னிடம் சரக்கு இல்லை. உட்கார்ந்தால் அப்பாவைப் பற்றித்தான் எழுத வருகிறது. ஒரு பக்கத்திலும் அடங்கவில்லை. போடுவதும் போடாமல் விடுவதும் அவர் பாடு.

அப்பா லிப்ட் மெக்கானிக். லிப்ட் பழுதான கட்டடத்துக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். மோட்டார் அறையோ உச்சி மாடியில் இருக்கும். எனவே வாழ்நாள் முழுக்கப் படியேறியவர் அவர். "ஊரையே தூக்கி விடுறேன், எனக்கு மட்டும் நடராஜா சர்வீஸ்" என்று சிரிப்பார். வேலையில் மகா பிடிவாதம். பழுதை நீக்கிய உடனே 'பயன்படுத்தாதீர்' பலகையைக் கழற்றிவிட மாட்டார். முதலில் காலியாக ஓட்டுவார். பிறகு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டுவார். கடைசியில் தானே ஏறி மேலும் கீழும் போய்வருவார். குடியிருப்பவர்கள் கீழே நின்று கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

சபையில் அவருக்குப் பெயர் ஸ்தோத்திரம் மாமா. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்துபோய் மைக்கில் சொல்லலாம். சொல்லி முடித்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். அப்பா ஒரு வாரமும் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை. தொலைந்த குடை கிடைத்ததற்கு ஒரு சாட்சி. நான் கணக்கில் தேறியதற்கு ஒரு சாட்சி. அதில் எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியவளுக்கும் பங்குண்டு என்பது அவருக்குத் தெரியாது. "மாமா எழுந்துட்டாரு, இன்னிக்குச் சாப்பாடு லேட்டுதான்" என்று பின்வரிசைப் பையன்கள் கிசுகிசுப்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

"ஏம்பா வாரா வாரம் மானத்த வாங்குறீங்க?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"பத்துக் குஷ்டரோகிங்க கதை தெரியும்ல பாப்பா? பத்துப் பேருக்கும் சுகமாச்சு. திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருத்தன்தான். மத்த ஒம்பது பேர் எங்கன்னு இயேசு கேட்டாரு. நான் அந்த ஒம்பது பேர் கூட்டத்துல சேர்ந்துடக் கூடாது" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நன்றி சொல்லத் தாமதித்தால் கடவுள் தன்னைத் தேடுவார் என்று உண்மையிலேயே பயந்தார்.

போன வருடம் அவருக்குக் கால் வீங்கியது. ஷூ நுழையவில்லை. இரண்டு மாடி ஏறியதும் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இதயம் பலவீனமாகிவிட்டது, அதனால்தான் உடம்பில் நீர் தங்குகிறது என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, பழையபடி படியேறினார். அடுத்த தடவை போனபோது டாக்டருக்கே சந்தோஷம். "மருந்து ரொம்ப நல்லா கேக்குது. ஆனா மாத்திரைய மட்டும் நிறுத்தவே கூடாது. ஆயுசுக்கும் போடணும்" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மைக்கைப் பிடித்துவிட்டார். "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்துட்டாரு!" கட்டடமே அதிர்ந்தது. போதகர் இறங்கி வந்து கட்டிப்பிடித்தார். மணல் மூட்டை ஏற்றிப் பார்க்காமல் எந்த லிப்டையும் ஓடவிடாத மனிதர், தன் நெஞ்சை மட்டும் எந்தச் சோதனையும் செய்யாமல் ஓடவிட்டார்.

மறுநாளே மாத்திரை நின்றது.

"பூரண சுகம்னு மைக்குல சொல்லிட்டு, வீட்டுல ஒளிஞ்சு மாத்திரை முழுங்கினா அது பொய்ச்சாட்சி இல்லையா?" என்றார்.

"மாத்திரையும் அவர் கொடுத்ததுதானே அப்பா? சுவிசேஷம் எழுதின லூக்காவே ஒரு வைத்தியர்தானே?" என்று நானும் தெரிந்த வேதத்தையெல்லாம் எடுத்து வீசினேன். ஒன்றும் எடுபடவில்லை. அம்மா மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து பார்த்தாள். ஒரு மடக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் பாலே குடிப்பதில்லை.

இதற்குள் அவர் சபையில் பெரிய ஆளாகிவிட்டார். நோயாளிகளைக் கூட்டிவந்து, "மாமா, தலையில கை வச்சு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். வீக்கம் திரும்பி வந்தபோது அதை அவர் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நீளமான பேன்ட் தைத்துப் பாதம் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். நான் அழுதேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். "சபைக்கு நான் என்ன பதில் சொல்றது பாப்பா?" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பி வந்து நன்றி சொன்ன அந்த ஒருவன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு சனிக்கிழமை மாலை தையல்கார அக்கா வந்தாள். எங்கள் சபைதான். அவள் கணவர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர், பல வருடமாகச் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்.

"மாமா, உங்க சாட்சி எங்களை அப்படியே உலுக்கிடுச்சு. எங்க வீட்டுக்காரரும் ஊசிய நிறுத்திட்டாரு. விசுவாசத்துல நிக்கிறோம். காலையில மயங்கி விழுந்தாரு, விடாம வாந்தி வேற. இதெல்லாம் சோதனைதானே மாமா? நீங்க ஜெபம் பண்ணுங்க."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

"ஊசியப் போடச் சொல்லும்மா. உடனே போடச் சொல்லு."

அவள் சிரித்தாள். "எங்க விசுவாசத்தை ஆழம் பாக்குறீங்களா மாமா? நீங்க மட்டும் மாத்திரை போட்டா சுகமானீங்க?"

அப்பா குனிந்து பேன்டின் ஓரத்தைப் பிடித்தார். தூக்கிக் காட்ட மனம் வரவில்லை. அவள் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடி நடந்ததையெல்லாம் சொன்னேன். "நீ படிச்ச பொண்ணு, உனக்கு விசுவாசம் பத்தாது" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தாள்.

மறுநாள் தையல்கார அக்கா கணவரைக் கைத்தாங்கலாகச் சபைக்குக் கூட்டிவந்திருந்தாள். சாட்சி நேரத்தில் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மைக் வரை போவதற்குள் இரண்டு தடவை நின்றார்.

"அன்னிக்கு நான் சொன்ன சாட்சி தப்பு. எனக்குச் சுகமாகல" என்றார்.

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. யாரும் கேலி செய்யவில்லை. வாய் பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான். பின்னால் ஒருவர் கையும் தட்டினார்.

அப்பா காத்திருந்தார். பிறகு குனிந்து பேன்டை முழங்கால் வரை சுருட்டினார். கட்டைவிரலால் காலை அழுத்தி எடுத்தார். சதையில் விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவசரப்பட்டுட்டேன். கர்த்தர் சொல்லாததை அவர் சொன்னதா சொல்லிட்டேன். தம்பி, நீங்க ஊசியப் போடுங்க. இப்பவே போடுங்க. நானும் ஆஸ்பத்திரிக்குப் போறேன். எனக்குப் பயமா இருக்கு."

இப்படியொரு சாட்சிக்கு என்ன பதில் சொல்வதென்று எங்கள் சபையில் யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத அம்மா எழுந்து முன்னால் வந்தாள். "வாங்க, போலாம்" என்று அவர் கையைப் பிடித்தாள். போதகர் ஆராதனையை அப்படியே விட்டுவிட்டுத் தன் காரை எடுக்க ஓடினார். தையல்கார அக்கா கணவரை இழுத்துக்கொண்டு எங்களுக்கு முன்பே வெளியே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நம்பிக்கை இருக்கிறது என்று நினைத்திருப்பேன். அப்பாவுக்கு நினைவு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "அந்தத் தம்பி ஊசி போட்டுட்டாராம்மா?" போட்டுவிட்டார், தேறிவருகிறார் என்பேன். "ஸ்தோத்திரம்" என்று உதடு மட்டும் அசையும். அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனார்.

ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்கு, செத்துப்போன லாசருவை இயேசு உயிரோடு எழுப்பிய கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கல்லறையிலிருந்து அவன் எழுந்து வருவதோடு கதையை முடித்துவிடுவேன், குழந்தைகள் கைதட்டும். ஆனால் லாசரு இரண்டாவது தடவையும் செத்திருப்பான் அல்லவா? அப்போது அவன் சகோதரிகள், முதல் தடவை போலவே, மறுபடியும் இயேசுவுக்கு ஆள் அனுப்பினார்களா? வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களா? வேதத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. எனக்குத் தேவைப்படுவது அந்த வரிதான். விசுவாசத்தை விட்டுவிட்டாயா என்று செயலாளர் கேட்பார். விடவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கர்த்தரோடு பேசாமல் இருக்கிறேன்.

போன ஞாயிறு பார்சல் வண்டிக்காரர் சாட்சி சொல்ல எழுந்தார். மைக்கைக் கையில் எடுத்த பிறகுதான் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "இன்னொரு நாள் சொல்றேன்" என்று மைக்கைத் திரும்ப வைக்கப் போனார்.

"சொல்லுங்க தம்பி" என்றாள் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நீங்க நின்னு சொல்லணும்னுதானே அவர் அன்னிக்கு எழுந்தாரு."

அவர் அழுதுகொண்டே சொன்னார். காலையும் மாலையும் ஊசி போடுவதை, சர்க்கரை கட்டுக்குள் வந்ததை, மறுபடி வண்டி ஓட்டுவதை. முடித்ததும் சபை "ஸ்தோத்திரம்" என்றது. அம்மாவும் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி. என் வாய் திறக்கவில்லை. அவர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு என் அப்பா வேண்டும்.