அதிபர் காரின் கொடியுறை

கண்காட்சிக் கொட்டகையில் நின்று விளக்கம் சொல்கிற தொழில், ஒரே இழவு வீட்டில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வது போன்றது. அந்த வேலையில் காலம் தள்ளியவர்களுக்கு இது புரியும்: பத்தாவது தடவைக்குமேல் துக்கம் தீர்ந்துவிடும், தொண்டை வலிதான் மிஞ்சும். எங்கள் கொட்டகை கோலாலம்பூரை அடுத்த ஸ்ரீ கெம்பாங்கானில், ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது. பள்ளிக்கூட வேலை ஓய்ந்தபின் ஆறு வருடமாக அங்கே டிக்கெட் கிழிக்கிறேன், கதை சொல்கிறேன்.

எங்கே செத்தார்?

பதினோரு பழைய கார்கள் இருந்தாலும் கூட்டம் நிற்பது ஒன்றின் முன்தான். கடல் தாண்டிய ஒரு சிறு நாட்டின் அதிபர், இருதய வைத்தியத்துக்குக் கோலாலம்பூர் வரும்போதெல்லாம் ஏறிய கறுப்பு லிமோசின் அது. அந்த நாட்டுத் தூதரகம் விற்றபோது எங்கள் முதலாளி வாங்கினார். பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. அதன் கடைசி வரி: ‘ஓட்டுநர் முனியாண்டியின் அவசரத்தால் ஓர் ஆட்சி கவிழ்ந்தது.’

கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அதிபர் இந்தக் காரில் மயங்கிச் சாய்ந்தார், மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று சொன்னேன். பின்சீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்த மனைவி கைப்பேசியைத் தாழ்த்திக் கணவரைப் பார்த்தார். “இதுல சாகலையா? அப்பறம் என்னாத்துக்குங்க ரெண்டு டோல் தாண்டிக் கூட்டியாந்தீங்க?”

குழி

திங்கட்கிழமை விடுமுறை. டெங்கிலிலிருந்து மெக்கானிக் செல்வம் வருவார். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காரை ஒரு முழம் முன்னே நகர்த்தி நிறுத்துவார். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும். மழை மாதங்களில் தோல் இருக்கையில் பூஞ்சை வெள்ளையாகப் பூக்கும். அதைத் துடைப்பது என் பங்கு.

பின்சீட்டு புதுசுபோல் இருக்கும். முன்சீட்டில்தான் ஓர் உடம்பின் அச்சு, இன்னும் யாரோ எழுந்து போகாதது மாதிரி. அதில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிய செல்வம் சொன்னார்: “பின்னால உட்கார்ந்தவரு வந்து போனவரு ஆன்டி. முன்னால உட்கார்ந்தவருதான் இதுல குடியிருந்திருக்காரு.”

உள்ளே ஆள் இல்லை

ஒரு பகல் வேளையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரியவர் தனியாக வந்தார். பலகையைப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். பிறகு காரின் முன்னால் போய் நின்றார். அங்கே முதலாளி புதுப் பட்டில் ஒரு சின்னக் கொடி தைத்து, பறப்பதுபோல் விறைப்பாக நிற்க உள்ளே கம்பி கொடுத்திருந்தார்.

“டேஷ்போர்டுல தோலுறை ஒன்னு இருக்கும்மா, எடுத்துத் தாங்க” என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஆறு வருடமாக அதைக் கையுறை என்று நினைத்திருந்தேன். அவர் கொடியைச் சுருட்டி, கம்பி வளைய வளைய, உறைக்குள் செலுத்தினார். அந்த வேலை கைக்கு மறக்கவில்லை. நான் தடுப்பதற்குள் சொன்னார்: “அவரு உள்ள இல்லம்மா. இல்லாதப்ப கொடி தெரியக்கூடாது.”

வேலை

பலகையில் இருந்த முனியாண்டி அவர்தான், செந்தூல்காரர். பதினாறு வருடம் அந்தத் தூதரகத்துக்கு ஓட்டியவர். அதிபர் மயங்கிச் சாய்ந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அதிபரைத் தள்ளுகட்டிலில் உள்ளே கொண்டுபோனார்கள். தலைவர் இறங்கினால் கொடியை மூட வேண்டும், அதுதான் சட்டம். மூடினார். கேட்டருகே நின்ற நிருபர் ஒருவர் மூடிய கொடியைப் படம் எடுத்தார். அந்தப் படத்தை வைத்தே சாயங்காலத்துக்குள் அந்த நாட்டில் அதிபர் செத்தாயிற்று. நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தாயிற்று. மூன்று நாள் உயிரோடு கிடந்தவர், எந்த நாட்டுக்கும் அதிபராக இல்லாமல் போய்ச் சேர்ந்தார். தூதரகம் இவரைத் துரத்தியது.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். இந்தப் பலகையின் படம் போன மாதம் மகளுடைய புகுந்த வீட்டு வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்துதான் தூக்கம் இல்லையாம். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும் என்றார். “மூடாம வந்திருந்தா நான் வேலை தெரியாதவன். மூடுனதால கொலகாரன். டீச்சரா இருந்தேன்னு சொன்னீங்களே, எது சரின்னு சொல்லுங்கம்மா.”

திருத்தம்

அந்த வரிக்குப் பதிலாக நான்கு வரி எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. அவர் கெட்டவரல்ல. இரண்டு முறை படித்து, தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க ஆன்டி. ஆனா தப்பு பண்ணாத டிரைவரைப் பார்க்க யாரு வருவா, சொல்லுங்க லா.”

வெறும் சுவர்

முனியாண்டி அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் போனில் கூப்பிடுவார். “எடுத்தாச்சாம்மா?” அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஐந்தாவது வெள்ளி, எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் புதன்கிழமை மகளைக் கூட்டி வந்து காட்டுகிறேன் என்றார்.

புதன் காலையில் செல்வத்தை வரச்சொல்லிப் பலகையைக் கழற்றி, நாற்காலித் தொழிற்சாலைக்காரர்களிடம் கொடுத்து வைத்தேன். முதலாளி அன்று ஈப்போவில் இருந்தார். அப்பாவும் மகளும் சுவரின் முன் நின்றார்கள். நான்கு திருகாணித் துளைகள், பலகை இருந்த இடத்தில் வெயில் படாத ஒரு சதுரம். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒன்னுமே எழுதலையேப்பா” என்றார். அவர் அந்தச் சதுரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “ஒன்னும் இல்லாததே நல்லாருக்கும்மா.”

நேராக

மறுநாள் முதலாளி வருவதற்குள் பலகை பழைய இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. செல்வம் ஏணியில் நின்று திருகாணியை முடுக்கினார். நான் கீழே நின்று பிடித்துக்கொண்டேன். கடைசித் திருகாணி இறங்கியதும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஆன்டி, தள்ளி நின்னு பாருங்க, நேரா இருக்கா?”

இப்போதெல்லாம் சாயங்காலம் கடைசி ஆளை அனுப்பிவிட்டுக் கொடிக்கு உறை போடுகிறேன், காலையில் கதவு திறக்குமுன் கழற்றிவிடுகிறேன். எங்கள் தொழிலில் உண்மைக்கு வேலை நேரம், கொட்டகை பூட்டியிருக்கும் நேரம்தான்.