சிங்காரம் வண்டியின் கழுத்து

கடலூர் முதுநகரில் சிங்காரம் மெக்கானிக்கைத் தெரியாதவர்கள் குறைவு. கைராசிக்காரர், வாய்தான் ஆகாது. யார் எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரியாதா?" என்பார். அவர் பேர் சொல்ல ஒரு வண்டி இருந்தது. பழைய புல்லட் ஒன்றை முன்பக்கம் நீட்டி, சீட்டைத் தாழ்த்தி, 2004இல் அவரும் தங்கை புருஷன் தங்கராசுவும் சேர்ந்து செய்தது. சட்டத்தை வெட்டி ஒட்டியது சிங்காரம். ஹேண்டில் திரும்புகிற கழுத்தைச் சிதம்பரத்தில் தன் லேத்தில் கடைந்து தந்தது தங்கராசு. அந்த வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே தங்கராசு மகள் வெண்மதி, "மாமா வந்தாச்சு" என்று வாசலுக்கு ஓடி வருவாள்.

இரண்டு வருஷத்தில் ஹேண்டில் திரும்பாமல் இறுகிப் பிடிக்க ஆரம்பித்தது. ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வந்த தங்கராசு அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், கழுத்துல ரப்பர் சீல் போயிருக்கு. உள்ள தண்ணி எறங்குது. பிரஷர் பம்ப வெச்சி அங்க அடிக்காதீங்க. பிரிச்சி சீல மாத்திடலாம்."

பூஜைக்காக அப்போதுதான் பம்பு வைத்துப் பீய்ச்சிக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார் சிங்காரம். பொரி கடலை வாங்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். இத்தனை பேர் முன்னால் தன் வண்டிக்குக் குறையா?

"சீலெல்லாம் நல்லாத்தான் இருக்குது மாப்ள. ஒனக்குத்தான் கடையத் தெரியல."

நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கராசு சிரிக்கவில்லை. போட்ட இலையில் உட்காராமல், பெண்டாட்டி பிள்ளையை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதோடு பேச்சுவார்த்தை அற்றுப்போயிற்று.

2008 சித்திரையில் தங்கை புஷ்பவள்ளி போன் செய்தாள்.

"அண்ணே, வெண்மதி பெரிய மனுஷி ஆயிட்டா. தாய்மாமன் நீ வந்து ஓலை கட்டுனாத்தான் புள்ளய உள்ள ஒக்கார வெக்கலாம். அவரும் ஒண்ணும் சொல்லல. வந்துடுண்ணே."

வயசுக்கு வந்த பெண் உட்காருகிற குடிசையைப் பச்சைத் தென்னோலையில் கட்டித் தருவது தாய்மாமன் உரிமை. சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஓலை வெட்டி, பட்டுப்புடவை எடுத்து, வண்டியில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். ஆலப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு வளைவில் ஹேண்டில் பிடித்துக்கொண்டது. வண்டி வயலோரம் இறங்கி நின்றது. அடி ஒன்றும் இல்லை. கோபம்தான் தலைக்கேறியது. "இவன் கடைஞ்ச லட்சணத்துக்கு நான் ஓலை வேற கட்டணுமா?" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த ரோட்டில் சிதம்பரம் பஸ்ஸுக்கா பஞ்சம்? கை காட்டினால் நிற்கும். மனுஷன் கை காட்டவில்லை. அவிழ்த்துப் போட்ட ஓலை அந்த வயலோரமே காய்ந்தது. போன் அடித்தது; எடுக்கவில்லை.

அதற்கப்புறம் கழுத்து நட்டைத் தளர்த்தித் தளர்த்தியே ஓட்டினார். 2011 கடைசியில் அடித்த 'தானே' புயலில் கொட்டகைக் கூரை பிய்ந்து, வண்டி நாள்கணக்கில் நனைந்து, ஹேண்டில் அசையவே மறுத்தது. வேறு வழியில்லாமல் கழுத்தைப் பிரித்தார்.

சீலின் உதடு பம்புத் தண்ணீர் வேகத்தில் உள்பக்கம் மடிந்து கிழிந்திருந்தது. கிரீஸ் சேறாகியிருந்தது. பேரிங் துருவேறிப் பொடிந்திருந்தது. பேரிங் உட்காரும் இடத்தைத் துடைத்து, கட்டைவிரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். மேடு இல்லை, பள்ளம் இல்லை. தங்கராசு கடைந்தது கடைந்தபடி இருந்தது. வெட்கமாக இருந்தது.

புது பேரிங் போட்டார். புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, பழைய பேரிங் வளையத்தை அதன்மேல் வைத்து, கோணாமல் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி இறக்கினார். அரை நாள் வேலை. இந்த அரை நாள் வேலைக்குத்தான் இத்தனை வருஷம் பகை. மறுநாள் பீரோவில் கிடந்த அதே புடவையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனார்.

தங்கராசு லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

"சீல் மாத்திட்டீங்களா மச்சான்?"

"மாத்திட்டேன் மாப்ள. ஒன் வேலைல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் பம்ப வெச்சிக் கெடுத்தேன். மனசுல வெச்சிக்காத."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். உடுங்க. இருந்து சாப்புட்டுட்டுப் போங்க."

இவ்வளவுதானா என்று சிங்காரத்துக்கு மனசு லேசாகிவிட்டது. உள்ளே வெண்மதி தண்ணீர் கொண்டுவந்தாள். நல்ல உயரம், தங்கை ஜாடை அப்படியே. புடவையை நீட்டினார்.

"அப்பவே எடுத்தது கண்ணு. அன்னிக்கி வர முடியாம போச்சி."

அவள் வாங்கிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை.

"பொழுது சாயற வரைக்கும் தோட்டத்துலயே ஒக்காந்திருந்தேன் மாமா. ஓலை கட்ட வேற யாரையும் அம்மா உடல. தெருவுல வண்டி சத்தம் கேக்கும்போதெல்லாம், 'மாமா வந்தாச்சு'ன்னு நான்தான் சொல்லுவேன். பாத்தா வேற வண்டியா இருக்கும்."

"அப்பறம்?"

"இருட்டிப்போச்சி. அப்பாவே வந்து கட்டுனாரு."

சிங்காரம் வாசலைப் பார்த்தார். தங்கராசு இன்னும் வண்டியருகில் நின்று, ஒரு விரலால் ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டிருந்தார். மன்னிப்பை அவரிடம் கேட்டாயிற்று. யாரிடம் கேட்க வேண்டுமோ அவள், அவர் கையிலிருந்த தம்ளருக்காகக் காத்து நின்றாள்.