பானெட்டுக்குள் வெள்ளைப் பஞ்சு

கிள்ளானில் எங்கள் வீடும் கொழுந்தனார் வீடும் ஒட்டியே இருக்கின்றன. நடுவில் ஒரு சுவர்தான். அதை அவர் உயர்த்திக் கட்டியபோது மழைத்தண்ணீர் எங்கள் பக்கம் விழ, பேச்சு முற்றி, பிறகு பேச்சே நின்றுபோனது. அண்ணனும் தம்பியுமாவது கோயிலில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வார்கள். எனக்கும் என் ஓரகத்திக்கும் அதுவும் இல்லை. பின்சந்தில் துணி காயப்போட ஒருத்தி வந்தால் மற்றவள் உள்ளே போய்விடுவாள். அவள் பேசாததால் எனக்கென்ன குறைந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். குறையத்தான் செய்தது. மாமியார் படுக்கையில் கிடந்த மாதங்களில் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தோம். அப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை செய்ய எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கார் கிளம்பினால்தான் கடை திறக்கும். ஒரு நாள் கிளம்பவில்லை. கார் பழுதுபார்க்கும் ஃபோர்மேன் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, உள்ள குடித்தனமே நடக்குது லா. வயரக் கடிச்சு வச்சிருக்கு."

பேட்டரிக்குப் பக்கத்தில் ஓர் எலிக்கூடு. அதை வழித்துப் போட்டுவிட்டு வயரை மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அந்துருண்டை வைத்தேன். கடைக்குப் போகும் வழியெல்லாம் எனக்குத் தலை சுற்றியதே தவிர, எலி அசையவில்லை. பண்டான் இலை வைத்தேன், கார் கேக் கடை மாதிரி மணத்தது. பக்கத்துத் தெருப் பூனை ஒன்று தினமும் வந்து சூடான பானெட்டின் மேல் படுத்துத் தூங்கியது. கீழே இருந்த எலியோடு அதற்கு என்ன உடன்பாடோ தெரியாது. எஞ்சின் சூடும் இருட்டும்தான் எலிக்குப் பிடிக்கும், சாயங்காலம் பானெட்டைத் திறந்தே வை என்றார் என் கணவர். திறந்து வைத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, "கார் ரோசாக்கா ஆன்டி?" என்று விசாரித்தார்கள். இல்லைப்பா, கெட்டுப்போகவில்லை, எலிக்குக் காற்று வாங்க என்று சொல்லி அலுத்துப்போனேன்.

மறுபடியும் கூடு. இந்த முறை ஃபோர்மேனை அதைத் தொடவிடவில்லை. அதில் துணி தெரிந்தது. துணி என்றால் தொட்டுப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை நான். எலிக்காய்ச்சல் பயத்தில் கையுறை மாட்டி, கூட்டை ஒரு பேப்பரில் எடுத்து வைத்தேன்.

"அந்தக் கருமத்த வீட்டுக்குள்ள கொண்டாராத," என்றார் கணவர்.

"எதால கட்டியிருக்குன்னு பாக்க வேணாமா?"

"பாத்து? அதுல ரவிக்கை தைக்கப் போறியா?"

போர்ச்சிலேயே உட்கார்ந்து பிரித்தேன். பானெட்டின் உள்பக்கத்துக் கறுப்புக் கம்பளி கொஞ்சம், காய்ந்த இலை, மீ நூடுல்ஸ் பாக்கெட்டின் துண்டுகள், காரில் நான் போட்டு வைத்திருந்த லைனிங் துணி. மீதி முழுக்க வெள்ளையாக இருந்தது. இலவம் பஞ்சு இல்லை, தலையணைக்குள் வைக்கிற நார் இல்லை, நூல் திரிக்கிற பஞ்சும் இல்லை. என்னவாக இருக்கும் என்று மண்டை குடைந்தது. சும்மா ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். அது ஜவ்வரிசி மாதிரி ஊதி, கொழகொழவென்று ஆனது. மாமியாருக்குக் கட்டிவிட்டு அவிழ்த்த கை இது. பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பர்.

"இதெல்லாம் எலி தூரத்துல இருந்து தூக்கிட்டு வராதுக்கா. பக்கத்துலதான் எங்கயாச்சும் இருக்கும்," என்றார் ஃபோர்மேன்.

பின்சந்துக்குப் போனேன். கொழுந்தனார் வீட்டுப் பின்கதவின் கம்பிக்குள்ளே கறுப்புப் பைகள் அடுக்கியிருந்தன. அடியில் கடித்துக் குதறி, அதே வெள்ளைப் பஞ்சு வெளியே பிதுங்கியிருந்தது. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மகளுக்கு வேலை ஜொகூரில். கொழுந்தனார் தினமும் காலையில் மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போவதைப் பார்க்கிறேன். மிச்சம் ஒருத்திதான். அவளைப் பின்சந்தில் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. எனக்குப் பயந்து துணி காயப்போடும் நேரத்தை மாற்றிக்கொண்டாள் என்று நினைத்து, அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. வீட்டுக்குள் போய்க் கணவரிடம் சொன்னேன்.

கணவர் முகம் வாடிவிட்டது. "அவன் சொல்லலையே. நாமளா போயி நின்னு, அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வாசலோடு அனுப்பிவிட்டால் அப்புறம் இந்த ஜென்மத்தில் பேச்சில்லை. ஆனாலும் போனேன். கையில் எலி இருந்தது, அதாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம்.

"தம்பி, எங்க காருல எலி கூடு கட்டுது. ஒங்க வீட்டுப் பின்னாடி இருந்துதான் வருது," என்றேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குப்பைய முன்னால வச்சா எல்லாரும் பாப்பாங்கன்னு அவ விட மாட்றா அண்ணி. பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. ஆப்பரேஷன் பண்ணியாச்சு, இன்னும் எந்திரிக்க முடியல. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. அதுலயும் முக்கியமா..."

நிறுத்திக்கொண்டார். முக்கியமாக யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்து இளைத்துப் போயிருந்தது. நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எலியைப் பற்றியே பேசினேன். அந்துருண்டை, பண்டான், பூனை, காற்று வாங்கிய பானெட் எல்லாம் சொன்னேன். அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கியது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

கொழுந்தனார் டயப்பர் பாக்கெட்டோடு உள்ளே வந்து, கூச்சத்தோடு நின்றார். "மாத்துற நேரம் அண்ணி. நீங்க கொஞ்சம் வெளிய..."

எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன்.

"நீங்க போங்க," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே, தன் கணவரிடம். "அக்கா இருக்கட்டும்."