எக்செலில் ஓர் இடுகாடு

சித்தப்பா ஈப்போவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஸ்டோர் பார்த்தவர். ஆணி எத்தனை, பெயிண்டு எத்தனை என்று கணக்கு வைக்க மட்டுமே அவருக்கு எக்செல் தெரியும். அதே எக்செலில் அவர் ஓர் இடுகாட்டை வரைந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

ஆயர் தாவார் பக்கம் எங்கள் குடும்பம் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தை, வீடு கட்ட விற்றுவிட்டார்கள். தோட்டத்து இடுகாட்டில் எந்தக் குழி யாருடையது என்று காட்டினால், எலும்பை எடுத்து வேறு இடத்தில் புதைத்துத் தருவார்களாம். காட்டாத குழிகள் மேல் புல்டோசர் ஏறிவிடும். சித்தப்பாவின் மனைவி, பிரசவத்தில் செத்துப்போன சின்னம்மா, அங்கேதான் கிடந்தார். நட்டுவைத்த பலகையைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. எது அவர் குழி என்று சித்தப்பாவுக்கே தெரியவில்லை.

ஒரு கட்டத்துக்கு ஒரு குழி. ஆள் தெரிந்தால் மஞ்சள். மஞ்சள் பூசும் வேலை எனக்கு. எட்டு வயதில் அதைவிட நல்ல விளையாட்டு உண்டா? பழைய தோட்டத்து ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைச் சுற்றி நின்றுகொண்டு சண்டை போட்டார்கள்.

"எங்கப்பா வேலி ஓரம்லா!"

"அட போண்ணே, அது எங்க மாமா. நாந்தானே மண்ணு போட்டேன்!"

சண்டை ஓய்ந்தபோது, கடைசி வரிசையில் ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக நின்றது. சித்தப்பா அதன்மேல் விரலை வைத்தார்.

"இதான். இங்கதான் இருக்கா."

அவர் அழுததைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

எல்லாரும் போன பிறகு சித்தப்பா அந்தக் கட்டத்தில் சின்னம்மாவின் பெயரை டைப் செய்தார்.

"பாப்பா, இந்தக் கட்டத்த ரெண்டாக்க முடியுமா?"

"முடியாது சித்தப்பா. ரெண்ட ஒன்னாத்தான் சேர்க்கலாம்," என்றேன், பள்ளியில் கற்ற பெருமையோடு.

"அப்ப ஒன்னாவே இருக்கட்டும்."

பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டார். அதில் எதையும் எழுதவில்லை.

"கீழ சும்மாதானே இருக்கு, அழிச்சிரட்டா?"

"வேணாம்மா. பிள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

எந்தப் பிள்ளை? அந்த வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான்தான். எனக்குத்தான் பெயர் இருக்கிறதே. அந்த ஒரு வரியால் கடைசி வரிசை மட்டும் பருத்துப்போய்ப் படமே கோணலாகிவிட்டதே என்று எனக்கு ஒரே எரிச்சல். பேரே இல்லாத ஒன்றுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று முணுமுணுத்துக்கொண்டே மஞ்சள் பூசினேன்.