மூன்று இறாத்தல் தண்ணீர்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து மூன்று வருடமாகியும் என் பெட்டிகளில் ஒன்றை நான் பிரிக்கவே இல்லை. கணவர் தோட்டக் கந்தோரில் கிளாக்கர். நான் கொழும்பில் படித்தவள், வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்து கலியாணமாகி வந்தவள்.

மகள் பிறந்த பிறகு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. தோட்டத்தில் கறந்த சூட்டோடு பால் வரும். பிள்ளை வெறுங்காலுடன் புல்லில் நடப்பாள். ஆனால் அவள் இரண்டு முறை இருமினால் போதும், நான் யன்னலால் பாதையைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். மழைக்கு மண் சரிந்தால் பஸ் வராது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக அரை நாள் வேண்டும். அக்கா வீட்டில் என்றால் வீடிருக்கும் ஒழுங்கையின் முடிவிலேயே கிளினிக். அங்கே போய் ஒரு மாதம் நின்றபோதோ, கடலோரம் ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை திடுக்கிட்டு எழுந்தாள். பால் தண்ணீர் கலந்து நீலம் பாய்ந்திருந்தது. ஓரறைக்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தாள்.

போன வருடம் கணவருக்குக் கொழும்புக் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. அந்த வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும்.

"நீரே சொல்லும். எனக்கு ரெண்டும் ஒண்டுதான்," என்றார்.

எனக்கு ஒன்றாக இல்லை. ஆனால் எது வேண்டும் என்றும் தெரியவில்லை. ஆகவே தராசிடம் விட்டேன். மூன்று மாதம் முன்பு கொழும்புக் கிளினிக்கில் மகள் இருபது இறாத்தல் இருந்தாள். இங்கே கூடியிருந்தால் இருப்பது, குறைந்திருந்தால் போவது.

தோட்டத்து மருந்துச்சாலைத் தராசு பழுது. அதனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தூறிக்கொண்டிருந்தது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை ஒரு கூடையைக் காலி செய்து, சாக்கு விரித்து, பிள்ளையை உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டினார். அவள் கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கூடை போக பதினெட்டு!" என்று அவர் உரக்கச் சொன்னார்.

இரண்டு இறாத்தல் குறைவு. வீடு வந்து சேர்ந்தது எனக்கு நினைவில்லை. நான் சொன்னதும் கணவர் சம்மதக் கடிதத்தை எழுதினார். மறுநாள் காலை தபால்காரர் பூட்டிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கிப் போனார்.

அவர் போன பிறகுதான் தொழிலாளர் லயத்திலிருந்து பால் கொண்டு வரும் பெண் வந்தாள். அவளும் கொழுந்து எடுப்பவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். சொன்னேன். செம்பை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"நேத்து மழைங்கம்மா! மழைன்னா கூடைக்கு மேல மூணு ராத்தல் தண்ணிக்குக் கழிப்பாரு. வாய்ப் பழக்கம். எங்களுக்குத்தான் கழிக்கிறாருன்னா, ஒங்க புள்ளைக்குமா?"

அவளோடு மடுவத்துக்கு ஓடினேன். கணக்கப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடடா, ஆமாங்கம்மா. தன்னால வந்திருச்சு."

மீண்டும் கூடை, மீண்டும் கொக்கி. இருபத்தொன்று. கொழும்பைவிட ஓர் இறாத்தல் கூட.

வரிசையில் நின்றவர்களுக்கு அன்று கொண்டாட்டம்.

"ஏங்கய்யா, அந்தக் கூடைய நிறுத்த மாதிரியே நம்ம கூடையையும் நிறுங்களேன்!"

"அது புள்ள, இது கொழுந்து. தள்ளி நில்லு," என்றார் அவர்.

"புள்ளைக்கு அம்மா கேக்க வந்தாங்க. கொழுந்துக்கு யாரு வர்றது?" என்றாள் பால் கொண்டு வருபவள். கணக்கப்பிள்ளை அடுத்த கூடையை மாட்டினார். அன்றும் தூறல்தான். எத்தனை கழித்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். படித்தவள் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மத்தியானம் கணவரிடம் சொன்னேன்.

"தபால் இப்ப பதுளை தாண்டியிருக்கும். வேண்டாமெண்டு இன்னொரு கடிதம் எழுதட்டோ?" பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தராசு இருக்கச் சொல்லிவிட்டது. அதன்படி நடப்பேன் என்றவளும் நான்தான். ஆனால் வெளியே பனிமூட்டம் இறங்கிப் பாதையை மறைத்துக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் போக எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருந்ததும், அது பறிபோனதில் ஒரு சிறு ஏமாற்றம் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

"எழுத வேண்டாம்," என்றேன். சொன்ன கணமே எழுதச் சொல்லியிருக்கலாமோ என்று பட்டது. அவர் மூடியைப் போட்டுவிட்டார்.

கொழும்புக்கு வந்த மூன்றாம் மாதம் கிளினிக்கில் மகளை நிறுத்தார்கள். இருபத்தொன்று. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை.

"ஏதும் கழிச்சனீங்களோ?" என்று தாதியிடம் கேட்டேன்.

"பிள்ளையில என்னத்தைக் கழிக்கிறது?" என்று அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

வெளியே மழை பெய்தது. பஸ் நிறுத்தத்தில் பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு நின்றபோது, மடுவத்தில் இந்நேரம் கொழுந்துக்கு இரண்டாம் நிறுவை நடக்கும் என்று நினைத்தேன். ஒரு பெட்டி இங்கேயும் பிரிக்காமல் கிடக்கிறது.