காற்றில் போன அடி

சங்கரலிங்கம் அண்ணாச்சி காலமான செய்தி எங்கள் கோல்ஃப் வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் மாம்பலம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். வரிசையாகக் கும்பிட்ட கைகள் வந்தன. அவற்றின் அடியிலேயே, மட்டையில் இடது கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்று பாலு ஒரு வீடியோ போட்டிருந்தார்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பித்துப் பிடித்தது. இருபது வருஷம், ஞாயிறு தவறாமல் கிண்டி மைதானத்துக்கு வந்தார். ஆட்டம்தான் வரவில்லை. “கடப்பாரையைப் பிடிக்கறாப்லன்னா பிடிக்கறார்” என்பார் பாலு. ரிட்டையர்டு இன்ஜினியர், எங்கள் குழுவின் டெக்னிக் மேதை. இடுப்பைத் திருப்பு என்பார் ஒருவர், திருப்பாதே என்பார் இன்னொருவர். “சரிங்க சார், செஞ்சிருதேன்” என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு அண்ணாச்சி பழையபடியே வீசுவார். அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒருநாள் மரத்துக்குப் பின்னால் தனியாக நின்று அடித்துவிட்டு வந்தார். பந்தில் படாத வீச்சும் ஓர் அடிதான்; அடி குறைந்தவருக்கே ஜெயம். அடிகளைக் குறிக்கும் கார்டை வைத்திருந்த நான் ஆறா என்று கேட்டேன்.

“ஏழு சார். ஒண்ணு காத்துல போயிட்டு.”

“அத யார் பாத்தா, விடுங்கோ.”

“நான் பாத்தேம்லா.”

அதே குழியில் பாலு புதருக்குள் கிடந்த பந்தை இரண்டு முறை வெட்டியதை நான் பார்த்தேன். அவற்றைச் சேர்க்காமல் ஐந்து என்றார். ஐந்து என்றே எழுதினேன்.

போன வாரம் மயிலாப்பூரில் இரங்கல் கூட்டம். இதைப் படிக்கும் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பாலு திரையில் ஒரு வீடியோ போட்டார். அண்ணாச்சி தொடர்ந்து நான்கு முறை பந்தைத் தவறவிட்டு, கடைசியில் பந்தைப் பார்த்துக் கும்பிடுகிறார். ஹாலே சிரித்தது. செத்த மனிதரின் இடுப்பில் என்ன தப்பு என்று பாலு நிறுத்தி நிறுத்தி விளக்கினார். இவ்வளவு அருவருப்பான கூட்டத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

பக்கத்தில் இருந்த அண்ணாச்சியின் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “எதுக்கு சார் சிரிக்காவ?”

தெரியவில்லை என்றேன்.

தெரியும், அம்மா. அந்த வீடியோவை எடுத்தவன் நான். சிரிப்பதற்காகத்தான் பாலுவுக்கு அனுப்பினேன். அன்று எழுந்து அதைச் சொல்லாமல் உட்கார்ந்தே இருந்தேன்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு பழக்கத்தை. அன்று ஹாலில் என்னை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.